சுட்டி இல்லாமல் ஒரு பணப்பரிமாற்றம்

‘உங்கள் கடவுச்சொல்லை எவரிடமும் தெரிவிக்காதீர்கள், வங்கி அலுவலரே கேட்டாலும் சொல்லாதீர்கள்.’ இவ்வறிவுரையை வாடிக்கையாளர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்பதற்குக் கணக்கில்லை. குறுஞ்செய்தியிலும், ஏ.டி.எம். திரையிலும், கிளையின் சுவரிலும், இதழ்களின் பக்கங்களிலும் வங்கியாளர்களாகிய நாங்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறோம். அறிவுரை சரியானதே. ஆனால் அதைப் பின்பற்ற விரும்பியும் பின்பற்ற இயலாத நிலையில் சில வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய கவனக்குறைவு அன்று. இணையப் பக்கம் அமைக்கப்பட்டுள்ள விதம்.

முற்றிலும் பார்வையிழந்த ஓர் ஆசிரியையை எண்ணிப் பாருங்கள். கணினியில் அவர் தேர்ந்தவர். திரையில் உள்ளதைக் குரலாக மாற்றிச் சொல்லும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையோடு வினாத்தாள் தயாரிக்கிறார், மின்னஞ்சல் எழுதுகிறார், ரயில் பயணத்திற்கு முன்பதிவும் செய்கிறார். தம் வங்கியின் இணையப் பக்கத்தைத் திறந்து பயனர் பெயரை உள்ளிடுகிறார். அடுத்தது கடவுச்சொல். அதை விசைப்பலகையில் தட்ட அப்பக்கம் இடம் கொடுக்கவில்லை; திரையில் தோன்றும் எழுத்துக் கட்டங்களை மௌஸ் என்னும் சுட்டியால் சொடுக்க வேண்டும் என்கிறது. சுட்டியின் அம்பு எங்கே நிற்கிறது என்பதைக் கண்ணால் கண்டால்தானே அதை உரிய கட்டத்திற்குக் கொண்டுசெல்ல முடியும்? வேறு வழியின்றிப் பக்கத்து வீட்டு மாணவனை அழைத்துக் கடவுச்சொல்லைச் சொல்கிறார். பணம் களவு போகாமல் இருக்கலாம். அந்த மாணவன் மிக நல்லவனாகவும் இருக்கலாம். ஆயினும் அந்த நொடியிலிருந்து அக்கடவுச்சொல் இருவருக்குத் தெரிந்ததாகிவிட்டது.

பெட்டகத்தின் சாவியைப் பிறர் கையில் கொடுத்தால்தான் பெட்டகம் திறக்கும் என்று எந்த வங்கியும் சொல்லாது. சுட்டியால் மட்டுமே இயங்கும் இணையப் பக்கம் அதைத்தான் சொல்லாமல் சொல்கிறது. எனவே, இணையவழி வங்கிச் சேவையை விசைப்பலகையைக் கொண்டு மட்டுமே முழுமையாகப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதைச் சலுகையாகவோ அலங்காரமாகவோ கருதலாகாது. அது கணக்கின் பாதுகாப்பைச் சேர்ந்த செய்தி. அந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது, எங்கே தடைப்படுகிறது, தடைப்படும்போது வாடிக்கையாளர் என்ன செய்யலாம் என்பவற்றை இங்கே காண்போம்.

யாருக்கு இது வேண்டும்?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருப்பதாகப் பதிவு செய்தது. அவர்களுள் ஏறத்தாழ 50 லட்சம் பேர் பார்வைக் குறைபாடு உடையவர்கள். ஏறத்தாழ 54 லட்சம் பேர் உடலியக்கக் குறைபாடு உடையவர்கள். பார்வையற்றோருக்குச் சுட்டி பயன்படாது என்பது எளிதில் விளங்கும். கையை ஓரிடத்தில் நிறுத்த இயலாதவர்களுக்கும் அது பயன்படாது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பார்க்கின்சன் நோயால் விரல் நடுங்கும் முதியவர், பக்கவாதத்திற்குப் பின் ஒரு கையை மட்டும் பயன்படுத்துபவர், மணிக்கட்டு வலியால் அவதிப்படுபவர் ஆகியோருக்கு ஒரு சிறிய கட்டத்தின்மீது அம்பை நிறுத்திச் சொடுக்குவது பெரும்பாடு. விசையை அழுத்துவது அவர்களால் இயலும்.

குறைபாடு ஏதுமில்லாதவர்களும் இவ்வரிசையில் உண்டு. கிளைகளில் பணியாற்றிய ஆண்டுகளில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். தட்டச்சு முறையாகப் பயின்ற மூத்த எழுத்தர்கள் வேலை மும்முரத்தில் சுட்டியைத் தொடுவது அரிது. வலக்கை எண் விசைகளின்மீதும் இடக்கை டேப் விசையின்மீதும் இருக்கும். கண்கள் காசோலையைவிட்டு அகலாமலே பதிவுகள் முடிந்துவிடும். மாதக் கடைசியில் நூறு ஊழியர்களின் சம்பளத்தைப் பதிவேற்றும் நிறுவனக் கணக்காளரும் இப்படித்தான் வேலை செய்ய விரும்புவார். பார்வையற்றவருக்காகச் செம்மைப்படுத்தப்படும் பக்கம் அவருக்கும் விரைவைத் தருகிறது.

கணக்கெழுதப் பிறந்த விசை

கணினி விசைப்பலகையின் இடப்புறத்தில் உள்ள டேப் விசைக்கும் எங்கள் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. ‘டேபுலேட்டர்’ என்னும் சொல்லின் சுருக்கமே டேப். அட்டவணையிடும் கருவி என்பது அதன் பொருள். தட்டச்சுப் பொறியில் ரூபாயை ஒரு பத்தியிலும் பைசாவை அடுத்த பத்தியிலும் நேராக அடிக்க வேண்டுமானால், ஒவ்வொரு வரியிலும் இடைவெளிக் கட்டையைப் பலமுறை தட்ட வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைத் தவிர்க்க வந்ததே டேபுலேட்டர். எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து வைத்தால், ஒரே அழுத்தலில் வண்டி அந்த இடத்தில் போய் நிற்கும். தட்டச்சுப் பயிலகங்களில் ‘ஸ்டேட்மென்ட்’ அடித்துப் பழகியவர்களுக்கு இது நினைவிருக்கும்.

இணையப் பக்கத்திலும் டேப் விசை அதே வேலையைத்தான் செய்கிறது: ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்திற்குக் கொண்டுசெல்கிறது. ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அழுத்தினால் முந்தைய நிறுத்தத்திற்குத் திரும்பும். அந்நேரத்தில் விசைகளின் கட்டளையை ஏற்கக் காத்திருக்கும் உறுப்பைக் ‘குவியம் பெற்ற உறுப்பு’ என்பர். அது ஒரு பொத்தானாக இருக்கலாம், எழுதுவதற்கான பெட்டியாக இருக்கலாம், இணைப்பாகவும் இருக்கலாம். குவியம் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணுள்ளவருக்கு ஒரு கோட்டுச் சட்டம் காட்டும். கண்ணில்லாதவருக்குத் திரைவாசிப்பான் சொல்லும். ‘தொகை, எழுதும் பெட்டி, காலியாக உள்ளது’ என்பது போல அந்த உறுப்பின் பெயர், வகை, அப்போதைய நிலை ஆகிய மூன்றையும் அது அறிவிக்கும்.

பேருந்தும் நடையும்

நிறுத்தங்களை எங்கெங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பணப்பரிமாற்றப் பக்கம் ஒன்றைக் கற்பனை செய்து கணக்கிட்டுப் பார்ப்போம். மேலே உள்ள பட்டியலில் 8 தலைப்புகள், உங்களுடைய 3 கணக்குகள், பணம் பெறுவோர் பட்டியலில் 20 பெயர்கள், நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்., ஐ.எம்.பி.எஸ். என 3 வழிகள். நாட்காட்டியில் 31 நாட்கள். ஒவ்வொன்றையும் ஒரு நிறுத்தமாக வைத்தால் மொத்தம் 65 நிறுத்தங்கள். தொகையை எழுதும் பெட்டியும் ‘அனுப்புக’ என்னும் பொத்தானும் இதில் சேரவில்லை. 65 முறை டேப் விசையை அழுத்தி, ஒவ்வொரு முறையும் குரலைக் கேட்டு, தவறிப்போனால் திரும்பி வந்து பணம் அனுப்ப எவருக்குப் பொறுமை இருக்கும்?

சீராக அமைந்த பக்கத்தில் இவை ஐந்தும் ஐந்து நிறுத்தங்கள் மட்டுமே. விரைவுப் பேருந்து ஊருக்கு ஒரு நிறுத்தத்தில்தான் நிற்கும். ஊருக்குள் இறங்கியபின் வேண்டிய தெருவுக்கு நடந்துபோக வேண்டும். டேப் விசை அந்தப் பேருந்து. அம்புக்குறி விசைகள் அந்த நடை. பட்டியலுக்கு டேப் விசையால் வந்து, பட்டியலுக்குள் மேல் அம்பு, கீழ் அம்புகளால் நகர வேண்டும். இன்னொரு முறை டேப் விசையை அழுத்தினால் பட்டியலைவிட்டு வெளியேறி அடுத்த உறுப்புக்குப் போய்விடலாம்.

இதற்காகப் பக்கத்தை உருவாக்குபவர்கள் ஓர் எளிய உத்தியைக் கையாள்கிறார்கள். ஒரு குழுவில் உள்ள பல உறுப்புகளுள் ஒன்றுக்கு மட்டுமே ‘இங்கே நிற்கலாம்’ என்னும் அடையாளம் இருக்கும். நீங்கள் அம்பு விசையால் அடுத்த உறுப்புக்கு நகரும்போது அந்த அடையாளமும் உங்களுடன் நகரும். ஆகவே குழுவைவிட்டு வெளியேறிப் பின்னர் திரும்பி வந்தால், விட்ட இடத்திலேயே நிற்பீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பேரேட்டில் நூல் அடையாளம் வைத்துவிட்டுப் போவது போன்றதுதான் இது.

எந்த விசை எதற்கு?

உலகெங்கும் பெரும்பாலும் ஒரே வகையில் பின்பற்றப்படும் மரபுகள் சில உள்ளன. இவற்றை ஒருமுறை பழகிக்கொண்டால் எந்த வங்கியின் பக்கத்திலும் பயன்படும்.

இணைப்பைத் திறக்க என்டர் விசை. பொத்தானை இயக்க என்டர், ஸ்பேஸ் இரண்டுமே உதவும். ‘விதிமுறைகளை ஏற்கிறேன்’ என்பது போன்ற தேர்வுப்பெட்டியில் குறியிடவும் குறியை நீக்கவும் ஸ்பேஸ் விசை.

பலவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வட்டப் பொத்தான்களில், டேப் விசை ஏற்கெனவே தேர்வாகியுள்ள பொத்தானுக்கு உங்களைக் கொண்டுசெல்லும். அம்பு விசையை அழுத்தினால் குவியமும் தேர்வும் ஒருசேர அடுத்ததற்கு மாறும். ஆகவே நெஃப்டிலிருந்து ஆர்.டி.ஜி.எஸ். என்பதற்கு அறியாமல் மாறிவிடாதபடி, நகர்ந்தபின் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கீழிறங்கும் பட்டியலில் அம்பு விசைகளோடு எழுத்து விசைகளும் உதவும். பணம் பெறுபவர் பெயரின் முதலெழுத்தை அழுத்தினால் அந்த எழுத்தில் தொடங்கும் பெயருக்குத் தாவிவிடலாம். இருபது பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டியதில்லை.

நாட்காட்டியில் இட, வல அம்புகள் ஒரு நாள் முன்பின் நகர்த்தும். மேல், கீழ் அம்புகள் ஒரு வாரம் நகர்த்தும். பேஜ் அப், பேஜ் டவுன் விசைகள் மாதத்தை மாற்றும். ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அழுத்தினால் ஆண்டு மாறும். என்டர் விசை நாளைத் தேர்ந்தெடுக்கும். எஸ்கேப் விசை எதையும் தேர்ந்தெடுக்காமல் நாட்காட்டியை மூடிவிடும். பிறந்த தேதியைக் கேட்கும் இடத்தில் இந்த ஏற்பாடு இருந்தும் பயன் குறைவு. 1948-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிச் செல்லும்படி விடுவது முறையன்று. தேதியை நேரடியாக எண்களால் எழுதவும் வழி இருக்க வேண்டும்.

திரையின்மேல் எழும் சிறு பெட்டிகளுக்கும் ஒழுங்கு உண்டு. ‘ரூபாய் 25,000 அனுப்ப உறுதி செய்கிறீர்களா?’ என்று கேட்கும் பெட்டி தோன்றியவுடன் குவியம் அப்பெட்டிக்குள் செல்ல வேண்டும். பெட்டி திறந்திருக்கும்வரை டேப் விசை அதற்குள்ளேயே சுற்றிவர வேண்டும். எஸ்கேப் விசையால் அதை மூடினால், புறப்பட்ட இடத்திற்கே குவியம் திரும்ப வேண்டும்.

திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. இம்மென்பொருள்களில் இரு முறைமைகள் உண்டு. ஒன்றில் அம்பு விசைகள் பக்கத்தை வரிவரியாக வாசிக்கும். மற்றொன்றில் அவை பட்டியலையும் நாட்காட்டியையும் இயக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரு பார்வையற்ற இளைஞர்களின் முயற்சியால் 2006-இல் தொடங்கப்பட்டு இன்றளவும் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானில், இன்செர்ட் விசையோடு ஸ்பேஸ் விசையை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். பட்டியலுக்குள் அம்பு விசை செயல்படவில்லை என்று தோன்றினால் முதலில் இதைச் செய்து பார்க்கலாம். அம்மென்பொருள் தமிழிலும் வாசிக்க வல்லது.

எங்கே தடுக்கிறது?

இம்மரபுகள் மீறப்படும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை.

முதலாவது, மேலே கண்ட திரை விசைப்பலகை. இரண்டாவது, சுட்டியின் அம்பு மேலே வந்தால் மட்டுமே விரியும் பட்டியல். விசைப்பலகையில் அதற்கு ஈடான செயல் வைக்கப்படாவிட்டால், அப்பட்டியலுக்குள் இருக்கும் சேவைகள் அனைத்தும் மறைந்தே இருக்கும். மூன்றாவது, பொத்தானைப் போல் வரையப்பட்ட வெறும் படம். கண்ணுக்கு அது பொத்தான். டேப் விசைக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான்காவது, பெயரற்ற பொத்தான். திரைவாசிப்பான் ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடும். அது ‘அனுப்புக’ என்பதா, ‘நீக்குக’ என்பதா? பணம் சார்ந்த பக்கத்தில் இந்த ஐயத்தோடு எவரும் விசையை அழுத்த மாட்டார்.

ஐந்தாவது, நுழைந்தால் வெளியேற முடியாத பொறி. குவியம் ஓர் உறுப்புக்குள் சிக்கிக்கொள்ளும். எந்த விசையை அழுத்தினாலும் நகராது. பக்கத்தையே மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறாவது, பட்டியலில் அம்பு விசையால் நகரத் தொடங்கியதும் முதல் பெயரிலேயே பக்கம் மாறிவிடுவது. ஏழாவது, குவியத்தைக் காட்டும் கோட்டுச் சட்டத்தை அழகுக்காக நீக்கிவிடுவது. கண்பார்வை இருந்தும் சுட்டியைப் பிடிக்க இயலாத ஒருவர், தாம் எங்கே நிற்கிறோம் என்று அறியாமல் விசையை அழுத்த நேர்கிறது. எட்டாவது, ஒலி வடிவமோ வேறு மாற்று வழியோ இல்லாத கேப்ட்சா படம்.

பாதுகாப்பு ஒரு தடையா?

‘திரை விசைப்பலகை பாதுகாப்புக்காகத்தானே வைக்கப்பட்டது?’ என்னும் கேள்வி நியாயமானது. நீங்கள் தட்டும் விசைகளைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் தீய மென்பொருள்கள் உண்டு. பொதுக் கணினி மையங்களில் அவற்றிடமிருந்து காப்பதற்காகத் திரை விசைப்பலகை வந்தது. விரும்புபவர்களுக்கு அது இருக்கட்டும். ஆனால் அதைக் கட்டாயமாக்கினால், கணினிக்குத் தெரியாமல் காக்கப்பட்ட கடவுச்சொல் பக்கத்தில் இருக்கும் மனிதருக்குத் தெரிந்துவிடுகிறது. ஓர் ஓட்டையை அடைக்கப்போய் இன்னொரு கதவைத் திறந்து வைப்பதாகும் அது.

ஏ.டி.எம். இயந்திரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதன் எண் விசைகள் மாறாத இடத்தில் இருக்கின்றன; நடுவில் உள்ள 5 என்னும் விசையில் ஒரு சிறு புள்ளி துருத்தி நிற்கிறது. அதைத் தொட்டறிந்தால் மற்ற எண்களைக் கண்டுகொள்ளலாம். 2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் புதிய ஏ.டி.எம். இயந்திரங்கள் அனைத்தும் பேசும் வசதியும் பிரெயில் விசைகளும் உடையனவாக இருக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது. இயந்திரத்தில் அவ்வளவு கவனத்தோடு செய்யப்பட்டதை, ஒவ்வொரு முறையும் எண்களை இடம் மாற்றிப் போடும் திரைக் கட்டங்கள் இணையத்தில் இல்லாமல் ஆக்கிவிடுகின்றன.

கால வரம்பும் அப்படியே. நீங்கள் எழுந்து போய்விட்டால் வேறொருவர் உங்கள் கணக்கைப் பார்க்காதிருக்க, சில நிமிடங்களில் பக்கம் தானாக மூடப்படுகிறது. இது தேவைதான். ஆயினும் மூடுவதற்கு முன் எச்சரித்து, ஒரு விசையை அழுத்தி நேரத்தை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடிகள் தருவது உலகளாவிய வழிகாட்டு நெறிகளில் சொல்லப்பட்ட ஒரு வழி. குரலைக் கேட்டுக் கேட்டுப் படிவத்தை நிரப்புபவர், கண்ணால் பார்த்து நிரப்புபவரைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வார் என்பதை மறந்துவிடக் கூடாது.

நெறியும் சட்டமும்

இணையத்தின் தரநிலைகளை வகுக்கும் டபிள்யு3சி என்னும் பன்னாட்டு அமைப்பு, அனைவரும் அணுகத்தக்க பக்கங்களுக்கான வழிகாட்டு நெறிகளை முதன்முதலில் 1999-இல் வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அவை புதுப்பிக்கப்பட்டன. இந்நெறிகள் மூன்று படிநிலைகளாக அமைந்தவை. பக்கத்தின் எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் இயங்க வேண்டும் என்பதும், குவியம் எங்கும் சிக்கிக்கொள்ளலாகாது என்பதும் அவற்றுள் அடிப்படைப் படிநிலையிலேயே இடம்பெற்றுள்ளன. கையின் அசைவையே சார்ந்த ஓவியம் வரைதல் போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. பணம் அனுப்புவது ஓவியம் வரைவது போன்றதன்று.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2008 ஜூன் மாதத்திலேயே, காசோலைப் புத்தகம், ஏ.டி.எம்., இணையவழிச் சேவை, பெட்டகம், சில்லறைக் கடன், கடன் அட்டை உள்ளிட்ட எந்த வசதியையும் பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கு வேறுபாடின்றி வழங்க வேண்டும் என வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 13-ஆம் பிரிவில், மற்றவர்களுக்கு நிகராகத் தம் நிதி விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கும் உரிமையை அவர்களுக்கு உறுதி செய்கிறது. தாமே நிர்வகித்தல் என்பதன் முதற்படி, தம் கடவுச்சொல்லைத் தாமே உள்ளிடுதல் அல்லவா?

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இதற்கு மேலும் வலுச் சேர்த்துள்ளது. அமிலத் தாக்குதலில் முகமும் கண்களும் பாதிக்கப்பட்டவர்களும் முழுப் பார்வையிழப்பு உடைய ஒருவரும், மின்வழியில் வாடிக்கையாளர் விவரங்களைச் சரிபார்க்கும் கே.ஒய்.சி. நடைமுறையைத் தங்களால் முடிக்க இயலவில்லை என்று முறையிட்டிருந்தனர். கேமராவின் முன் கண் சிமிட்டுமாறு கேட்கும் நடைமுறைக்கு, கண் சிமிட்ட இயலாதவர் என்ன செய்வார்? மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் ஓர் அங்கமே என்று நீதிமன்றம் கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. விசைப்பலகையால் இயங்காத பக்கத்தையும் இவ்வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து நிமிடச் சோதனை

உங்கள் வங்கிப் பக்கம் எவ்வாறு இருக்கிறது என்பதை நீங்களே அறிய முடியும். இதற்குத் தொழில்நுட்ப அறிவு வேண்டியதில்லை. சுட்டியின் இணைப்பைக் கழற்றி வையுங்கள். மடிக்கணினியாக இருந்தால் தொடுபலகையைத் தொடாதீர்கள். வழக்கமான பக்கத்தைத் திறந்து பின்வருவனவற்றைப் பாருங்கள். பணத்தை உறுதி செய்யும் கடைசிப் பொத்தானுக்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. டேப் விசையை அழுத்தும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா?
2. மேலுள்ள நீண்ட பட்டியலைத் தாண்டி நேரே உள்ளடக்கத்திற்குச் செல்ல வழி இருக்கிறதா?
3. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் விசைப்பலகையிலேயே உள்ளிட முடிகிறதா?
4. குவியம் படிக்கும் வரிசையில் நகர்கிறதா, அங்கும் இங்கும் தாவுகிறதா?
5. பட்டியலுக்குள்ளும் நாட்காட்டிக்குள்ளும் அம்பு விசைகள் இயங்குகின்றனவா?
6. மேலெழும் பெட்டியை எஸ்கேப் விசையால் மூட முடிகிறதா? மூடியபின் பழைய இடத்திற்கே திரும்புகிறீர்களா?
7. எங்கேனும் சிக்கிக்கொண்டீர்களா?

கைப்பேசிச் செயலியிலும் இதையொத்த சோதனையைச் செய்யலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக், ஐஃபோனில் வாய்ஸ்ஓவர் ஆகிய வாசிப்பான்கள் உள்ளன. அவற்றை இயக்கியபின் விரலை வலப்புறமாக ஒருமுறை தள்ளுவது, டேப் விசையைப் போல அடுத்த உறுப்புக்குக் கொண்டுசெல்லும். ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரைச் சொல்கிறதா என்று கேளுங்கள்.

குறையை எழுதும் முறை

‘உங்கள் இணையதளம் வேலை செய்யவில்லை’ என்று வரும் புகாரைச் சரிசெய்வது கடினம். தொழில்நுட்பப் பிரிவில் உள்ளவர் தம் கணினியில் சுட்டியால் சொடுக்கிப் பார்ப்பார், எல்லாம் சரியாக இயங்கும், புகார் முடித்துவைக்கப்படும். எனவே ஐந்து செய்திகளை எழுதுங்கள்: எந்தப் பக்கம், எந்த உறுப்பு, எந்த விசையை அழுத்தினீர்கள், என்ன நடந்தது, எந்த உலாவியையும் திரைவாசிப்பானையும் பயன்படுத்தினீர்கள். மாதிரிக்கு ஒன்று:

‘பணம் பெறுபவரைச் சேர்க்கும் பக்கத்தில், கிளையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்கு டேப் விசையால் வந்தேன். கீழ் அம்பு விசையை ஒருமுறை அழுத்தியவுடன் முதல் கிளையே தேர்வாகிப் பக்கம் மாறிவிடுகிறது. பட்டியலில் வேறு கிளைக்குச் செல்ல விசைப்பலகையில் வழியில்லை. குரோம் உலாவியும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானும் பயன்படுத்துகிறேன். இதனால் பிறர் உதவியின்றிப் பணம் அனுப்ப என்னால் இயலவில்லை.’

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். குறையின் எடையை அதுவே சொல்கிறது. இதைக் கிளையிலோ வங்கியின் குறைதீர்ப்புப் பக்கத்திலோ பதிந்து, பதிவு எண்ணைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்களுக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்கு முன் வங்கியிடம் எழுத்து வடிவில் முறையிட்டிருக்க வேண்டும் என்பதால் அந்தப் பதிவு எண் முக்கியம்.

இடைப்பட்ட காலத்தில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரொக்கம் வழங்குதல், பெறுதல் முதலிய அடிப்படைச் சேவைகளை வீட்டு வாசலிலேயே அளிக்க ரிசர்வ் வங்கி 2017-இல் வழிகாட்டியுள்ளது. அதைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். ஆனால் ‘வீட்டுக்கே வருகிறோமே, இணையம் எதற்கு?’ என்று எவரேனும் சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. இரவு பத்து மணிக்கு மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தம் அறையிலிருந்து தாமே செலுத்த விரும்பும் வாடிக்கையாளருக்கு, மறுநாள் காலையில் வாசலுக்கு வரும் அலுவலர் மாற்றாக மாட்டார்.

இச்சோதனையைப் பார்வையுள்ள வாடிக்கையாளர்களும் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். உங்களுக்கு அது ஐந்து நிமிடங்கள். கண்ட குறையை மேற்கண்ட ஐந்து செய்திகளோடு உங்கள் வங்கிக்கு எழுதினால், அடுத்த முறை அந்த ஆசிரியை தம் கடவுச்சொல்லைத் தம் விரல்களாலேயே உள்ளிடக்கூடும். பக்கத்து வீட்டு மாணவனை அவர் அழைக்க வேண்டியிராது.